வாடிய மலரும் விற்காத கூடையும்

1. தொடக்கூடாத புத்தகம்

வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெட்மாஸ்டர் என் கையில் ஒரு பிரம்பையும் ஒரு நாவலையும் கொடுத்தார். பிரம்பை அன்று சாயந்திரமே பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். நாவலை அப்படிப் போட முடியவில்லை. அது நாலாவது ஃபாரத்துக்கு, அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்புக்கு, நான்-டீடெயில் பாடம்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. பொன்னேரி தாண்டி கும்மிடிப்பூண்டி போகும் ரயில் பாதையை ஒட்டி ஒரு போர்டு ஹைஸ்கூல். நான் அங்கே தமிழ் டீச்சர். சொந்த ஊர் திருவள்ளூர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இப்போது வாத்தியார் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம், "நாவலை எப்படி டீச்சர் நடத்துறது, கதையச் சொன்னா முடிஞ்சு போச்சே" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். உபதேசம் எதிர்பார்த்து வந்தவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். அங்கேயும் கொஞ்சம்தான் இருக்கும்.

நாவலின் பெயர் 'தீரச் சிறுவன் சுகுமாரன்'. பதினைந்து வயசுப் பையன். மாமா வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிப் போகிறான். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். திருடர்களைப் பிடிக்கிறான், மூழ்கிய குழந்தையைக் காப்பாற்றுகிறான், கடைசியில் மாமா வீட்டுக்கே திரும்பி வருகிறான். கதை மோசமில்லை. பாஷைதான் தாங்க முடியவில்லை. சுகுமாரனுக்குப் பல் என்றால் முத்து, முகம் என்றால் தாமரை, கோபம் வந்தால் சிங்கம். ஒரே பக்கத்தில் அவன் சிங்கம் போல் பாய்ந்து, மான் போல் ஓடி, மலை போல் நிற்கிறான். எனக்குப் படிக்கும்போதே மூச்சு வாங்கியது. அட்டையில் எழுதியவர் பெயர் ஏதோ புனைபெயர். ஆள் யாரென்று எனக்குத் தெரியாது.

ஹெட்மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். "இந்தாம்மா, இந்தப் புக்குல நீங்க புதுசா ஒண்ணும் பண்ண வேணாம். கதைச் சுருக்கம் டிக்டேட் பண்ணுங்க. சுகுமாரன் வீரமுள்ளவன், அன்புள்ளவன், நன்றியுள்ளவன், இந்த மூணையும் மனப்பாடம் பண்ண வைங்க. மேலிடத்து விஷயம். கைய வெச்சிக்கிட்டு சும்மா இருங்க."

மேலிடம் என்றால் எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் வேலை டெம்பரரி. வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைப் பார்ப்பார். நல்லவிதமாக எழுதினால் பர்மனெண்ட். இல்லாவிட்டால் ஏப்ரலோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஹெட்மாஸ்டரின் மச்சினர் ஒருவர் தமிழ் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தார். என் நாற்காலியில் அவரை உட்கார வைக்க இவர் நாள் பார்த்துக்கொண்டிருந்தது பியூன் முதல் எல்லோருக்கும் தெரியும்.

வேலை போனால் நான் திருவள்ளூரில் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணி நல்லவள். ஆனால் அந்த வீட்டில் நான் காலமெல்லாம் சம்பளமில்லாத சமையல்காரி. அதனால் டீச்சர் வேலையை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியிருந்தும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. என் வாய்க்கும் எனக்கும் எப்போதுமே ஒத்துப்போனதில்லை.

2. தாமரைக்கு லீவு

உவமை என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "நிலா போன்ற முகம் டீச்சர்" என்றார்கள்.

"உங்க ஊட்ல யாருக்காவது நிலா மாதிரி முகம் இருக்கா?"

முதல் பெஞ்சில் அப்துல் காதர் எழுந்தான். பழவேற்காட்டுப் பையன். அவன் அப்பா இறால் வாங்கி மதராசுக்கு அனுப்பும் வியாபாரி. காதருக்குக் கணக்கு வராது. பேச்சு வரும்.

"எங்க பெரியப்பாவுக்கு கீது டீச்சர். பள்ளம் பள்ளமா இருக்கும், அம்மை போட்டது" என்றான்.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். என் வகுப்பில் நிலா, தாமரை, முத்து, சிங்கம் நாலுக்கும் லீவு. காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது யாரும் "ஆஜர் டீச்சர்" என்று சொல்லக் கூடாது. இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று ஒரு உவமையில் சொல்ல வேண்டும். லீவில் போனவற்றைச் சொன்னால் ஆப்சென்ட். அடுத்தவன் சொன்ன உவமையைத் திருப்பிச் சொன்னாலும் ஆப்சென்ட். எடுத்துக்கொண்டே தீர வேண்டுமென்றால், அது யார் சொன்னது என்று பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் பாதி வகுப்பு ஆப்சென்ட். இரண்டாவது வாரம் பிடித்துக்கொண்டார்கள்.

"மூணாவது பந்தியில உக்காந்தவன் மாதிரி கீறேன் டீச்சர்."

"மழையில நனைஞ்ச தீப்பெட்டி மாதிரி கீறேன் டீச்சர்."

"கண்ணெதிர ரயில உட்டவன் மாதிரி கீறேன் டீச்சர்." இது மீஞ்சூரிலிருந்து வரும் பையன். அவன் நிஜமாகவே ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்திருந்தான்.

உருவகம் சொல்லித் தருவதற்கு ஹெட்மாஸ்டரே உதவினார். பிள்ளைகள் அவருக்கு ரயில்வே கேட் என்று பேர் வைத்திருந்தார்கள். அவசரமாகப் போகும்போதுதான் குறுக்கே வந்து நிற்பாராம். நான் கரும்பலகையில் எழுதவில்லை, வாயால்தான் சொன்னேன். "அவர் கேட் மாதிரி இருக்காருன்னா உவமை. 'டேய், கேட் வருது'ன்னு சொன்னா உருவகம். மாதிரியைத் தூக்கிப் போட்டாச்சு. ஆளும் கேட்டும் ஒண்ணாயிட்டாங்க." அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் உவமைக்கும் உருவகத்துக்கும் குழப்பம் வந்ததே இல்லை. எனக்கும் பிள்ளைகள் ஒரு உருவகம் வைத்திருந்தார்கள். மிளகாய் பஜ்ஜி. கேட்டதும் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

பாத்திரப் படைப்புக்கும் அதே வழிதான். வீரமுள்ளவன், அன்புள்ளவன் என்று லேபிள் ஒட்டக் கூடாது. அவன் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான், அவன் இல்லாதபோது அக்கம்பக்கம் அவனைப் பற்றி என்ன பேசுகிறது, இந்த மூன்றையும் புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். மூன்றாவதில் எங்கள் பிள்ளைகள் கில்லாடிகள். குழாயடியில் வளர்ந்தவர்கள்.

கடைசி பெஞ்சில் கன்னியம்மா என்று ஒரு பெண் இருந்தாள். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துப் பெண். அவள் அம்மா மீன் கூடை தூக்குகிறவள். விடியற்காலையில் அம்மாவோடு ஸ்டேஷன் வரை இன்னொரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவை ரயிலேற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் வருவாள். பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் ஒரு நாள் அவர்களைப் பிடித்து உலுக்கியதில் மூக்கைப் பொத்துவது நின்றது. கன்னியம்மா அதிகம் பேச மாட்டாள். அட்டெண்டன்ஸில் அவள் சொல்லும் உவமை மட்டும் எனக்கு நாள் முழுவதும் மறக்காது.

3. இன்ஸ்பெக்டர் வந்தார்

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் நானும் பயந்துவிட்டேன். வீரமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "நாளைக்கு எல்லாரும் ஒழுங்கா ஆஜர் சார்னு சொல்லுங்கடா. என் பொழப்பு உங்க கையில இருக்கு" என்று கெஞ்சினேன். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, தங்கக் கம்பி மூக்குக் கண்ணாடி. பின்னால் ஹெட்மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்து, ரெஜிஸ்டரை அவரே எடுத்து முதல் பேரைப் படித்தார். "அப்துல் காதர்."

காதர் எழுந்தான். ஆறு மாசப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

"பக்ரீத்துக்கு முந்தின நாள் ஆடு மாதிரி கீறேன் சார்."

ஹெட்மாஸ்டர் முகத்தில் முதலில் அதிர்ச்சி வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். மச்சினருக்கு வேலை கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"என்னம்மா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மென்று முழுங்கி எங்கள் அட்டெண்டன்ஸ் சட்டத்தைச் சொன்னேன். அவர் ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டுச் சுகுமாரன் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அதை அவர் எடுத்த விதமே வேறாக இருந்தது. அட்டையை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"நீயே சொல்லுப்பா. சுகுமாரனுடைய குணநலன்கள் என்ன?"

காதர் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே, வீரமுள்ளவன் என்று சொல்லுடா பாவி என்றேன். அவனுக்கு அது புரியவில்லை.

"திருடன் சார்" என்றான்.

"யாரு?"

"சுகுமாரன்தான் சார். அடுத்தவன் படக எடுத்துக்கினு போறான். அதுவும் பாடு இல்லாத நாள்ல."

பழவேற்காடு ஏரியில் இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பேர் பாடு. அடுத்தவன் பாட்டில் படகை இறக்கியவனை ஊரில் சேர்க்க மாட்டார்கள். சுகுமாரன் ஐந்தாம் அத்தியாயத்தில் யாரோ ஒருவருடைய படகையும் வலையையும் எடுத்துப் போய் அதே ஏரியில் மீன் பிடித்துச் சாப்பிடுகிறான். புத்தகத்தில் அதற்குப் பேர் தீரம்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பசிக்குத்தானேப்பா எடுத்தான்? ஆபத்துக்குப் பாவமில்லை."

"கேட்டு எடுக்கலாம்ல சார். படகுக்காரர் கரையிலயே தூங்கிக்கினு கீறாருன்னு புக்குலயே போட்டுக்கீது. எழுப்பினா சோறே போட்டுருப்பாரு."

"எழுப்ப வேண்டாம் என்று அவன் நினைத்தான். அயர்ந்து தூங்குகிறவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்கிற நல்ல எண்ணம்."

"அப்டின்னு புக்குல இல்லியே சார்."

"இல்லாவிட்டால் என்ன? எனக்குத் தெரியாதா? நான் அதை எழுதும்போது..."

அவர் நிறுத்திக்கொண்டார். ஹெட்மாஸ்டர் சுவரில் இருந்த தேசப்படத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். மேலிடம் எந்த இடம் என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. அது என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

என் வேலை போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணி வீட்டு அம்மிக்கல் கண் முன்னால் வந்தது.

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறைத்துப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தைப் புரட்டி, வகுப்புக்கே படித்துக் காட்டினார். "சுகுமாரன் வாடிய மலர் போல் மாமன் இல்லம் நோக்கி நடந்தான்." பிறகு கேட்டார். "சரி, இதில் என்ன குறை? யாராவது சொல்லுங்கள்."

கடைசி பெஞ்சில் கன்னியம்மா எழுந்தாள்.

"பூ நடக்காது சார்" என்றாள். "வாடிப்போச்சின்னா தூக்கிப் போட்ருவாங்க. இவன் அம்மாந்தூரம் நடந்து வரான்ல."

"அப்போ எப்படி நடந்திருப்பான்?"

"விக்காத கூடைய தூக்கிக்கினு வரவங்க மாதிரி நடந்துருப்பான் சார். காத்தால தூக்கிக்கினு போன அதே கூடைதான். சாயங்காலம் கனம் ஜாஸ்தி."

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். "இன்னொரு தரம் சொல்லும்மா."

இன்னொரு தரம் சொன்னாள். அவர் உதடு அதைக் கூடவே சொல்லிப் பார்த்தது. பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று சொன்னார். "சொன்னேனேம்மா, கைய வெச்சிக்கிட்டு சும்மா இருங்கன்னு. திருவள்ளூருக்கு எப்ப ரயில்னு பாத்து வெச்சிக்கோங்க."

ஏப்ரலில் ஆர்டர் வந்தது. பர்மனெண்ட். ஹெட்மாஸ்டர் அதைக் கொடுக்கும்போது முகம் விளக்கெண்ணெய் குடித்தவர் முகம். நான் அன்றைக்கு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அண்ணிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன், மசாலா இனிமேல் நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள் என்று.

4. திருத்திய பதிப்பு

ஜூன் மாசம் புதுப் புத்தகங்கள் வந்தன. 'தீரச் சிறுவன் சுகுமாரன், திருத்திய பதிப்பு'. காதர் கணக்கில் கோட்டை விட்டு மறுபடியும் நாலாவது ஃபாரத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன்தான் முதலில் பார்த்தான்.

"டீச்சர், கன்னியம்மா சொன்னது புக்குல கீது."

வாங்கிப் பார்த்தேன். கடைசி அத்தியாயம். "விற்காத கூடையைச் சுமந்து திரும்பும் மீனவ மாதைப் போல் நடந்தான் சுகுமாரன். காலையில் சென்ற அதே கூடைதான். மாலையில் அதன் கனம் அதிகம்." முன்னுரையைப் புரட்டினேன். மேலதிகாரிக்கு நன்றி. அச்சகத்தாருக்கு நன்றி. இரவு பகலாகக் காபி போட்டுக் கொடுத்த மனைவிக்கு நன்றி. கன்னியம்மா என்ற பேர் எங்கேயும் இல்லை. சுகுமாரன் அடுத்தவர் படகை எடுத்தது பற்றி இன்ஸ்பெக்டருக்கு ஏன் அவ்வளவு பரிவு என்று அப்போதுதான் விளங்கியது.

கன்னியம்மா ஐந்தாவது ஃபாரத்துக்குப் போயிருந்தாள். இடைவேளையில் கூப்பிட்டுக் காட்டினேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"அது எங்கம்மா கூடை டீச்சர்" என்றாள். பிறகு, "அவுரு தூக்கிப் பாத்துக்கீறாரா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக ஹெட்மாஸ்டரிடம் போனேன்.

"பெருமைதானேம்மா" என்றார் அவர். "பெரிய மனுஷன் ஒரு பொண்ணு சொன்னத எடுத்துப் போட்டிருக்காரு. ஆசீர்வாதம்னு நெனச்சிக்கணும். உங்க ஆர்டரே அதுனாலதானே வந்தது?"

"ஆமா சார். ஆர்டர் வந்துடுச்சு" என்றேன். "அதனாலதான் தைரியமா பேசிக்கினு கீறேன்."

அன்று மத்தியானம் நாலாவது ஃபாரம் முழுவதையும் கடைசி அத்தியாயத்தைத் திறக்கச் சொன்னேன். மசிப் பேனாவை எடுங்கள் என்றேன். அந்த வரிக்குப் பக்கத்தில், 'சொன்னது: கன்னியம்மா' என்று எழுத வைத்தேன். பென்சிலில் எழுதியவர்களைத் திட்டி மசியில் எழுத வைத்தேன். எங்கள் பக்கத்தில் பாடப் புத்தகம் ஒரு வருஷத்தோடு முடியாது. அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து ஊர்ப் பையனுக்கு என்று தையல் பிரியும் வரை கைமாறும். கன்னியம்மா பேரும் கூடவே போகட்டும் என்றுதான் செய்தேன்.

வருஷக் கடைசியில் மறுபடியும் இன்ஸ்பெக்ஷன். இந்தத் தடவை நான் யாரையும் கெஞ்சவில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்த முகமாக வந்து, காதர் பெஞ்சிலிருந்து புத்தகத்தை எடுத்து, நேராகக் கடைசி அத்தியாயத்தைத் திறந்தார். அந்த வரியைத்தான் படித்துக் காட்ட நினைத்தார் போலிருக்கிறது. வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அடுத்த பையன் புத்தகத்தை எடுத்தார். அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் நீல மசி.

"என்னப்பா இது?" என்றார் காதரிடம்.

காதர் பணிவாகத்தான் சொன்னான். அவனுக்கு உள்குத்து எதுவும் தெரியாது. "எங்க கிளாஸ்ல அது சட்டம் சார். அடுத்தவங்க உவமைய எடுத்துக்கினா பேரு சொல்லணும். சொல்லாங்காட்டி ஆப்சென்ட்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "அந்தப் பொண்ணு பக்கத்து ரூம்லதான் இருக்கா சார். கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்மா" என்றார். புத்தகங்களை ஒவ்வொன்றாக அவரவர் பெஞ்சில் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

என் பேரில் அவர் புகார் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். அடுத்த பதிப்பில் கன்னியம்மாவின் பேரைப் போட்டுவிடுவார் என்று ஒரு நப்பாசை மட்டும் எனக்கு இருந்தது. ஒரு மனுஷனுக்கு அந்த அளவு வெட்கமாவது இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்தது. கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். "சுகுமாரன் வாடிய மலர் போல் மாமன் இல்லம் நோக்கி நடந்தான்." கூடையைக் காணோம். ஒரு பெண்ணின் பேரை அச்சடிப்பதைவிட, பழைய பூவையே எடுத்து மறுபடியும் வைத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

கன்னியம்மா அப்போது ஆறாவது ஃபாரம். எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறவள். எனக்குச் சொல்லவே மனசு வரவில்லை. ஆனாலும் காட்டினேன். மூன்றாம் பதிப்பை வாங்கிப் படித்துவிட்டு, அவள் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"கூடை திரும்பி வந்துட்ச்சி டீச்சர்" என்றாள். "இந்த வாட்டி கனமே இல்ல."

இளசுகளுக்கு இதில் பாடம் என்னவென்றால், நாவலை எப்படி வேண்டுமானாலும் நடத்துங்கள். பிள்ளைகள் சொல்வதில் நல்லது ஒன்று காதில் விழுந்தால், அது யார் சொன்னது என்று அன்றைக்கே பேரோடு எழுதி வையுங்கள். முக்கியமாக, மசியில் எழுதுங்கள்.